பில்லில் இருந்தது, பையில் இல்லை

"மேனேஜர் இப்ப வந்துடுவார், உக்காருங்கம்மா" என்று நீலச்சட்டைக்காரன் ஒருவன் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். நான் உட்கார்ந்துதான் இருக்கிறேன். சூப்பர் மார்க்கெட்டின் ஒரு மூலையில், 'வாடிக்கையாளர் சேவை' என்று எழுதின பலகைக்குக் கீழே, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில். மடியில் துணிப்பை, பைக்குள் பழைய துண்டில் சுற்றின ஃப்ளாஸ்க், கைப்பையின் ஜிப்புக்குள் மூன்று பில். ஏசி காற்று நேராக என் உச்சந்தலையில் இறங்குகிறது. வெளியில் பதினொரு மணி வெயில் அரக்கோணத்தையே வறுத்துக்கொண்டிருக்க, இங்கே மார்கழி போல இருக்கிறது. சோப்புத்தூள் வாசனை, வெங்காய வாசனை, புது ரப்பர் செருப்பு வாசனை, எல்லாம் குளிரில் ஒன்றாகக் கலந்து எது எதுவென்று பிரிக்க முடியாமல் மூக்குக்குள் போகிறது. எங்கிருந்தோ வார்த்தையில்லாத ஒரு பாட்டு. யாரோ தொட்டிலை மெல்ல ஆட்டுகிற மாதிரி அது போகிறது, திரும்ப வருகிறது. கண் செருகுகிறது எனக்கு. சண்டை போட வந்தவளுக்குத் தூக்கம் வரலாமா. காலையில் குளிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதலில் ஃப்ளாஸ்க். "வாங்கி பத்து நாள் ஆகல சார், ஆறு மணிக்குக் கொதிக்கக் கொதிக்க ஊத்தினா ஏழு மணிக்கு அந்தத் தண்ணியில குழந்தையைக் குளிப்பாட்டலாம்" என்று சொல்ல வேண்டும். பாத்ரூமில் சத்தமாகவே சொன்னேன், சொன்னதும் சொம்பு கையிலேயே நின்றுவிட்டது. குழந்தை எங்கிருந்து வந்தது வாயில்? வெதுவெதுப்பாகிவிடுகிறது என்று சொன்னால் போதுமே. வெதுவெதுப்பு, வெதுவெதுப்பு என்று நாலு தடவை சொல்லிப் பழகிக்கொண்டேன். ஐம்பத்தோரு வயசில் இன்னும் அந்த வார்த்தை, படியில் பதுங்கியிருக்கிற பூனை மாதிரி, காலில் வந்து இடறுகிறது.

ஃப்ளாஸ்க்குக்குப் பிறகுதான் பில். பில்தான் பெரிய விஷயம். போன ஜூனில் இவர் ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனார். முப்பத்தாறு வருஷம் சிக்னல் வேலை. அதுவரை ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கி அறியாத மனுஷன், "இனிமே சாமான் நான் வாங்கிட்டு வரேன் மரகதம், நீ எதுக்கு வெயில்ல" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு லிஸ்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் இரண்டு மணிக்குத்தான் வருவார். கூட்டம் என்பார். நான் பையைப் பிரித்துச் சாமானை அடுக்குவேன், அவர் பில்லை ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்துக்கு அடியில் செருகி வைப்பார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், எதேச்சையாக, கேஸ் அடுப்பில் பால் பொங்குவதற்காகக் காத்திருந்த நேரத்தில், அந்தப் பில்லைப் படித்தேன். குளியல் சோப்பு நான்கு. அலமாரியில் மூன்று. துவரம்பருப்பு அரைக்கிலோ பாக்கெட் இரண்டு. டப்பாவில் கொட்டினது ஒன்று. ரஸ்க் ஒன்று. ரஸ்க்கே வரவில்லை, நாங்கள் ரஸ்க் தின்பதில்லை. "என்னங்க இது" என்று நீட்டினேன். கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. "கவனிக்காம போட்டிருப்பாங்க. விடு" என்றார். அடுத்த வாரமும் சோப்பு ஒன்று குறைந்தது, பருப்பு ஒன்று குறைந்தது, தேங்காயெண்ணெய் சின்ன பாட்டில் பில்லில் இருந்தது, பையில் இல்லை. அதற்கடுத்த வாரமும். "நான் போய்க் கேக்கறேங்க" என்றால், "வேண்டாம், நானே கேக்கறேன்" என்றார். கேட்டாரா என்றால், "மறந்துட்டேன்" என்றார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. எந்த வண்டி எந்த லைனில் எத்தனை நிமிஷம் நின்றது என்று இருபது வருஷத்துக்கு முந்தியதைச் சொல்லுவார். இன்றைக்குத் திங்கட்கிழமை, கண் பரிசோதனைக்குத் திருவள்ளூர் போயிருக்கிறார், மருந்து விட்டு உட்கார வைத்தால் சாயங்காலம் ஆகும். அதனால்தான் இன்றைக்கு வந்தேன். அவருக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன் என்று இப்போதுதான், இந்தக் குளிரில், எனக்கே உறைக்கிறது. ஏன் தெரியாமல்? ஏமாற்றுகிற கடையைக் கேள்வி கேட்க வருகிறவள் எதற்கு ஒளிந்து வரவேண்டும்?

மேனேஜர் வந்துவிட்டார். முப்பது முப்பத்திரண்டு வயசு, நெற்றியில் விபூதி, சட்டையில் ஜெகதீசன் என்று பெயர். "சொல்லுங்கம்மா" என்று எதிரில் உட்கார்ந்தார். பழகிக்கொண்டு வந்ததெல்லாம் குழம்பிப்போயிற்று. ஃப்ளாஸ்க்கைத் துண்டோடு மேஜையில் வைத்தேன். "சூடு நிக்கல" என்று மட்டும் வந்தது. அவர் திறந்து பார்த்து, உள்ளே டார்ச் அடித்து, "உள்பக்கம் கண்ணாடி கீறியிருக்கும்மா, மாத்திக் குடுத்துடறோம்" என்றார், அவ்வளவு சுலபமாக. நான் நினைத்திருந்த சண்டையில் பாதி அங்கேயே கரைந்தது. மிச்சப் பாதியை எடுத்து மேஜையில் பரப்பினேன். மூன்று பில். ஒவ்வொன்றிலும் வராத சாமானுக்குச் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தேன். அவர் மூன்றையும் வரிசையாக வைத்துக் கீழே பார்த்தார். நான் பார்க்காத இடம் அது. கீழே சின்ன எழுத்தில் நேரமும், கவுண்ட்டர் நம்பரும், பில் போட்டவர் பெயரும் இருக்கிறது. மூன்றிலும் ஒரே கவுண்ட்டர், மூன்றாவது. மூன்றிலும் ஒரே பெயர். "சுகன்யாவைக் கூப்பிடு" என்றார் பின்னால் திரும்பி. எனக்குள் ஏதோ ஒன்று, இந்தப் பெயரை நான் கேட்டிருக்க வேண்டாமே என்று எண்ணியது. அதுவரை கடை என்றால் கண்ணாடிக் கதவு, விளக்கு, தள்ளுவண்டி. ஏமாற்றுகிறது என்றால் அதுவெல்லாம் சேர்ந்து ஏமாற்றுகிறது. இப்போது ஒரு பெண் நடந்து வருகிறாள், ஒல்லியாக, நீலக் கோட்டு இரண்டு சைஸ் பெரிசாக, கையைக் கோட்டிலேயே துடைத்துக்கொண்டு.

"மூணு வாரம், மூணு பில், மூணும் நீ போட்டது. சோப்பு, பருப்பு, எண்ணெய். அதிகமா அடிச்சிருக்க" என்றார் ஜெகதீசன். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மூணு கம்ப்ளெய்ன்ட் வந்தா என்னன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

அவள் பில்லைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான் எண்ணித்தான் போட்டேம்மா" என்றாள்.

எண்ணித்தான் போட்டேன். நான் தொடவே இல்லை அண்ணி. இரண்டும் வேறு வேறு வாக்கியம், வேறு வேறு வாய், நடுவில் பதினாறு வருஷம். ஆனால் குரல் ஒன்று. அழாமல் இருப்பதற்காக இறுக்கிப் பிடித்துக்கொண்ட குரல். அந்தப் பாட்டு மறுபடி ஆரம்பத்துக்குப் போய்விட்டது, தொட்டில் ஆடுகிறது, நான் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் இருட்டான உள்ளறையில் கட்டிலில் படுத்திருக்கிறேன், முப்பத்தைந்து வயசு, இரண்டாவதும் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது, ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. இவர் தங்கை பூரணியைக் கூட்டி வந்திருந்தார் எனக்குத் துணையாக. புருஷன் விட்டுப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது அவளுக்கு. அவள்தான் சமைத்தாள், அவள்தான் என் புடவைகளைத் துவைத்தாள், அந்தப் புடவைகளை, யாரும் தொடக் கூசுகிற புடவைகளை. டாக்டர் பாலில் கலக்குகிற சத்துப் பொடி எழுதிக் கொடுத்திருந்தார். விலை கூடுதல் என்று இவர் பாக்கெட்டாக வாங்கி வருவார், பூரணி அதைக் கண்ணாடி பாட்டிலில் கொட்டி வைப்பாள், காலையும் மாலையும் ஆற்றி டம்ளரில் கொண்டு வந்து தருவாள். எனக்கோ அந்த நாட்களில் ஒன்றும் நிற்கவில்லை, எதுவும் என்னிடம் தங்கவில்லை, எல்லாம் குறைந்துகொண்டே போகிறது என்று தோன்றும். இரத்தம் குறைகிறது, முடி கொட்டுகிறது, இவர் பேச்சு குறைகிறது. ஒரு நாள் அடுக்களைக்குத் தட்டுத்தடுமாறிப் போனேன். கழுத்து வரை இருந்த பொடி ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. நான் இரண்டு டம்ளர்தானே குடித்தேன். பேனாவை எடுத்துப் பாட்டில் மேல் ஒரு கோடு போட்டேன். மறுநாள் கோட்டுக்குக் கீழே. அன்றைக்குக் குமட்டல், நான் குடிக்கவே இல்லை. இன்னொரு கோடு. அதற்கும் கீழே. மூன்று கோடு. யாரிடமும் சொல்லவில்லை, கோட்டைத்தான் போட்டேன். பூரணி பாட்டிலைத் துடைக்க எடுத்தவள் கோடுகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பாட்டிலோடு என் கட்டில் பக்கம் வந்து நின்றாள். "நான் தொடவே இல்லை அண்ணி" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் காலை அவள் இல்லை. இவர் ஸ்டேஷன் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார், பாட்டிலைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பூரணி என்கிற பெயர் இல்லை.

இது வரைக்கும் யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி நியாயம் செய்துகொள்ளலாம், உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை என்று. இதற்குப் பிறகு வருவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த மாதம் இவர் புதுப் பாக்கெட்டைக் கொட்டி வைத்துவிட்டு ரேணிகுண்டாவுக்கு டியூட்டிக்குப் போய்விட்டார், ஐந்து நாள். பழக்கத்தில் நான் கோடு போட்டேன். அந்த ஐந்து நாளும் வீட்டில் நான் மட்டும். பாட்டிலை நான் திறக்கவே இல்லை, வாசனையே ஆகவில்லை எனக்கு. ஐந்தாம் நாள் பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை. மூடி இறுகின இறுக்கத்தில் அப்படியே இருக்கிறது. கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். வெளியே கூட்ஸ் வண்டி போயிற்று, வீடு முழுக்க நடுங்கிற்று, ஜன்னல் கம்பி, தட்டு, டம்ளர், பாட்டில், எல்லாம். அந்த நடுக்கத்தில் என் கண் முன்னாலேயே பொடி ஒரு நூலிழை இறங்கியது. தானாக. யாரும் எடுக்காமல். காற்றோடு கொட்டின பொடி அடங்கிப் படிகிறது, அவ்வளவுதான். எச்சிலைத் தொட்டுக் கட்டை விரலால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தேன். இவர் வந்ததும் சொல்லியிருக்கலாம். சொன்னால் இவர் அந்த நிமிஷமே அவளைத் தேடிக் கிளம்பிப் போயிருப்பார். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளை என்பது மாதமாயிற்று, வருஷமாயிற்று, அப்புறம் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் பெரிசாக நிற்கும் என்று ஆயிற்று.

"அம்மா, உங்களைத்தான்" என்கிறார் ஜெகதீசன். "கேமராவுல பாத்துடலாமா? அப்புறம் இந்தப் பொண்ணு மேல அநியாயமாப் பழி போட்டேன்னு யாரும் சொல்லக்கூடாது. தப்பு இவ மேலன்னா இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்." வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். வேண்டாம் என்றால் அவர் பார்க்காமலே அனுப்பிவிடுவார் என்று தோன்றியது. எழுந்தேன். மாடிப்படி குறுகலாக இருந்தது, இருபக்கமும் அட்டைப் பெட்டிகள். மேலே சின்ன அறை, நான்கு டிவி, ஒவ்வொன்றிலும் கட்டங்கட்டமாகக் கடை. நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த சிவப்பு நாற்காலி ஒரு கட்டத்தில் காலியாகக் கிடந்தது. சுகன்யா உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள்.

போன வியாழன், பன்னிரண்டு நாற்பது, மூன்றாவது கவுண்ட்டர். சத்தமில்லாத படம். இவர் வருகிறார், தள்ளுவண்டியோடு. மேலேயிருந்து பார்க்கிறேன், முப்பது வருஷம் கூட இருந்தும் இவர் தலையின் வழுக்கையை இப்படி நேர் மேலேயிருந்து நான் பார்த்ததில்லை. வட்டமாக, குழந்தைத் தலை மாதிரி. சாமானை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். சுகன்யா ஒவ்வொன்றாகச் சிவப்பு ஒளியில் காட்டுகிறாள், ஒரு சோப்பு, இரண்டு, மூன்று, நான்கு. நான்குதான். எண்ணித்தான் போட்டிருக்கிறாள். இவர் இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்னப் பையை எடுத்து உதறுகிறார். மூன்று சோப்பு எங்கள் பெரிய பையில். ஒன்று சின்னப் பையில். ஒரு பருப்பு இதில், ஒரு பருப்பு அதில். ரஸ்க் அதில். ஏதோ பூசைக்குப் பிரிக்கிற மாதிரி, அவ்வளவு பதவிசாக, அவசரமில்லாமல். இவர் எதையாவது இவ்வளவு ஆசையாகத் தொட்டு எத்தனை நாளாயிற்று. யாருக்கு? ஒரு கணம் எனக்கும் அந்த நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன், எந்தப் பெண்ணுக்கும் வருகிற நினைப்பு. ஜெகதீசன் இன்னொரு கட்டத்தைப் பெரிதாக்கினார். கடை வாசல். வரிசையாக பைக்குகள், ஓரத்தில் படிக்கட்டு, படிக்கட்டில் நிழல் விழுகிற பக்கமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலை பாதிக்கு மேல் நரை. இவர் அவளிடம் போகிறார். அவள் எழவில்லை, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்துப் படியை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்துவிட்டாள். அந்தக் கை. என் கட்டிலில் உட்காருவதற்கு முன்னால் அந்தக் கை இப்படித்தான் விரிப்பை ஒரு தடவை துடைக்கும். முகத்தை நான் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

இவர் உட்கார்ந்தார். அவள் மடியில் இருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து இவரிடம் நீட்டினாள். போண்டாவோ என்னவோ, இரண்டு பேரும் பிட்டுப் பிட்டுத் தின்றார்கள். அவள் ஏதோ சொன்னாள். இவர் சிரித்தார். எங்கள் வீட்டில் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது, வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் தட்டி. அறுபது வயசு மனுஷன். எங்கள் கல்யாணம் ஆன புதிதில் நான் பார்த்திருக்கிறேன் அந்தச் சிரிப்பை. போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, இங்கே, படிக்கட்டில், வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருந்திருக்கிறது. அங்கே சத்தமே இல்லை. பைக்குகள் வருகின்றன, போகின்றன, வெயில் கொஞ்சம் நகர்கிறது, இரண்டு பேரும் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மேலே நடப்பதைப் பார்க்கிற மாதிரி. இவர் கடையைப் பழி சொல்ல விட்டிருக்கிறார் என்னை. ஏமாற்றுகிறார்கள் என்று நான் புலம்பினபோது கவனிக்காமல் போட்டிருப்பார்கள் என்றார். அவள் பெயரைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை, பில்லைக் கிழித்துப் போட்டிருக்கலாமே. நான் பில்லைக் கேட்டதே இல்லையே. வாரா வாரம் கொண்டு வந்து, என் கண்ணுக்கு நேராக, காந்தத்துக்கு அடியில் ஏன் செருகினார்?

ஜெகதீசன் திரையை அணைத்தார். மேஜையைப் பார்த்துக்கொண்டு, "விடுங்கம்மா. இந்த வயசுல... ஆம்பளைங்க சில பேர் அப்படித்தான். வெளிய தெரியாது, நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றார். அவர் என்ன நினைக்கிறார் என்பது ஒரு நொடி கழித்துத்தான் எனக்கு எட்டியது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

"அது என் நாத்தனார்" என்றேன்.

பதினாறு வருஷமாக இந்த வாயில் வராத சொல். எங்கே அது இத்தனை நாள் இருந்தது, இவ்வளவு சுத்தமாக, துரு ஏறாமல்? "என் வீட்டுக்காரரோட கூடப்பிறந்த தங்கச்சி. பூரணின்னு பேரு. பில்லு சரியாத்தான் இருக்கு. தப்பு என்னுது." ஜெகதீசன் காது வரை சிவந்து, "சாரிம்மா, சாரிம்மா" என்றார். நான் வாசலுக்குப் போனேன். சுகன்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், உதடு காய்ந்திருந்தது. "நீ எண்ணித்தான் போட்டிருக்கம்மா. நான் எண்ணாமப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோ" என்றேன். இவ்வளவுதானா, இவ்வளவு சின்னதா இந்த வாக்கியம், மூன்று நான்கு சொல், மூச்சு விடுகிற நேரம். இதைத் தூக்க முடியாமலா பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். கோபம் இருந்தது முகத்தில், இருக்கட்டும், அது அவளுக்குச் சேரவேண்டியது. படி இறங்கும்போது பின்னால் வந்து தானாகவே சொன்னாள்: "அந்த அம்மாவை எனக்குத் தெரியும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பாலர் பள்ளியில ஆயாம்மா. என் பொண்ணு போன வருஷம் அங்கதான் படிச்சா. உங்க வீட்டு சார்கிட்ட நான்தான் சொல்லுவேன், உள்ள கூட்டிட்டு வாங்க சார், ஏசியில உக்காரட்டும்னு. அந்த அம்மா வர மாட்டாங்க. எங்க அண்ணி என்னைக்காவது என்னைத் தேடி வருவாங்கன்னு மட்டும் சொல்லுவாங்க."

புது ஃப்ளாஸ்க்கை யாரோ பையில் போட்டுக் கொடுத்தார்கள். எதிலோ கையெழுத்து வாங்கினார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. வீட்டுக்கு இடது பக்கம் போக வேண்டும். கால் வலது பக்கம் திரும்பியது. நானாகத் தீர்மானித்தேன் என்று சொல்ல முடியாது. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஜனங்கள் தலைக்கு மேல் துண்டையும் முந்தானையையும் போட்டுக்கொண்டு நின்றார்கள், நானும் நின்றேன். கூட்ஸ் வண்டி. ஒன்று, இரண்டு என்று பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன், இருபதில் விட்டுவிட்டேன். எண்ணுகிற புத்தி. எது குறைகிறது, யார் எடுத்தார்கள் என்று எண்ணி எண்ணி வாழ்ந்தாயிற்று. கால் கீழே தரை அதிர்ந்தது, அந்த அதிர்வு முழங்காலில் ஏறி, இடுப்பில் ஏறி, வயிறு வரைக்கும் வந்தது. என்ன சொல்வேன் அவளிடம்? பொடி தானாகப் படியும் என்று சொல்வேனா? வாசலிலேயே கதவைச் சாத்தினால்? சாத்தட்டும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதை விடவா. திரும்பிப் போய்விடலாமா, வியாழக்கிழமை இவரோடு வரலாமா, அதுதான் முறையோ, இவரிடம் முதலில் சொல்லவேண்டாமா? நாளைக்கு. நாளைக்கு என்று மனசு சொன்ன உடனே உடம்பு சிலிர்த்தது. கேட் தூக்கினார்கள். கூட்டம் தள்ளிய தள்ளலில் நானும் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டேன்.

பாலர் பள்ளி என்பது ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. கம்பிக் கதவு, சுவரில் யானையும் பலூனும் வரைந்திருந்தது. பன்னிரண்டரை தாண்டிவிட்டது போல, பிள்ளைகள் எல்லாம் போயிருந்தார்கள். வராந்தாவில் ஒரே ஒரு பெண் குழந்தை மட்டும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் குனிந்து அதன் ஷூவுக்கு வார் போட்டுக்கொண்டிருந்தாள் பூரணி. கம்பிக் கதவு கிறீச்சிட்டதும் குழந்தையின் அம்மா என்று நினைத்து நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த நிறமெல்லாம் நான் பார்க்கப் பார்க்க இறங்கிப் போயிற்று. எழுந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனுக்கு என்ன ஆச்சு அண்ணி?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் இந்த வாசலுக்கு வருவதென்றால் அது ஒரே ஒரு சேதியோடுதான் வரமுடியும் என்று அவள் மனசில் வைத்திருக்கிறாள். அந்தச் சேதிக்காகத்தான் என்றைக்காவது அண்ணி வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாளோ என்னவோ. "ஒண்ணும் ஆகல பூரணி, ஒண்ணும் ஆகல. கண்ணு காட்டப் போயிருக்கார், நல்லாத்தான் இருக்கார். நான்தான் வந்தேன். சும்மா நான்தான் வந்தேன்" என்றேன். அவள் தூணை விடவில்லை.

"நீ எடுக்கல. அது தானா படிஞ்சிருக்கு. நீ போன அடுத்த மாசமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல" என்றேன். நடை வாசலிலேயே நின்று, எவ்வளவு வேகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு வேகமாக.

தூணிலிருந்து கையை எடுத்தாள். "நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா அண்ணி" என்றாள். குரலில் கோபம் இல்லை, இளக்கமும் இல்லை. "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னுதான் எனக்குத் தெரியாம இருந்தது. அடுத்த மாசமேவா?"

"அடுத்த மாசமே."

தலையை அசைத்தாள். எதையோ எடுத்து உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி. அதற்கு மேல் நான் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வெயில் என் முதுகில் விழுந்துகொண்டிருந்தது, போகச் சொன்னால் போய்விடலாம் என்று நின்றேன். அந்தக் குழந்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆயாம்மா, எங்கம்மா வரல" என்றது. பூரணி குனிந்து அதன் தலையைத் தடவினாள். "வருவாங்க கண்ணு, பஸ்ஸு லேட்டு." பிறகு என் பக்கம் பார்க்காமல், "இது போற வரைக்கும் நான் கதவைப் பூட்ட முடியாது" என்றாள்.

வராந்தா ஓரத்தில் பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகளை அடுக்கியிருந்தது, முழங்கால் உயரம்கூட இல்லை. மேலே இருந்ததை எடுத்து நிழலில் போட்டாள். உட்காரும் இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தாள். நான் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் மார்பு வரை வந்தது. மூன்று பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.